தினமும் 60 கிமீ அலுவலகப் பயணம்: சின்ன பேட்டரி மின்சார கார் போதுமா?

கேள்வி: அலுவலகம் போய்வர தினமும் 60 கிமீ. கைக்கு அடக்கமான விலையில் ஒரு மின்சார கார் வாங்க நினைக்கிறேன். பார்த்து வைத்திருக்கிற மாடலில் 20 கிலோவாட் மணி பேட்டரியும் இருக்கிறது, 30-க்கு மேல் ஒன்றும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கென்று பார்க்கிங் உண்டு. எதை எடுப்பது? பழைய வண்டி எடுத்தால் சரிவருமா?

பதில்:

சின்ன பேட்டரியே உங்களுக்குப் போதும். ஒரே ஒரு நிபந்தனை: கார் இரவில் நிற்கிற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கீழே நான் சொல்லும் கணக்கு எல்லாமே மாறிவிடும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் குடியிருப்புச் சங்கத்திடம் பேசுங்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனி லைன் இழுக்க விடுவார்களா, எவ்வளவு தூரம் வரும், யார் செலவு என்று கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் காரை புக் செய்துவிட்டு அப்புறம்தான் இதற்கு அலைகிறார்கள். எந்த மாடல், எந்த நிறம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். ஆனால் தினசரி ஓட்டத்துக்கான மின்சார காரில் உங்கள் நிம்மதியைத் தீர்மானிப்பது அந்த ஒரு பிளக் பாயின்ட்தான்.

இனி கணக்கு. நானும் சின்ன பேட்டரி கார்தான் ஓட்டுகிறேன், தினசரி தூரமும் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். இந்த அளவு கார்கள் 100 கிமீ ஓட 12 முதல் 15 யூனிட் எடுக்கும். (ஒரு கிலோவாட் மணிதான் மின்கட்டண ரசீதில் வருகிற ஒரு யூனிட்.) உங்கள் 60 கிமீக்கு 8 யூனிட் என்று வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பத்துப் பதினைந்து சதவீதம் வெப்பமாகப் போய்விடும், ஆகவே மீட்டரில் 9 யூனிட் ஓடும். 230 வோல்ட் சாக்கெட்டிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு 2.3 யூனிட். அதாவது நாலு மணி நேர வேலை. ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். 120 வோல்ட் உள்ள நாடுகளில் சாதாரண சாக்கெட்டில் மணிக்கு 1.4 யூனிட்தான் கிடைக்கும். அங்கேகூட ஆறரை மணி நேரத்தில் ஏறிவிடும். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டினால்தான் ஆச்சு என்று யாராவது சொன்னால், உங்கள் ஓட்டத்துக்கு அது கட்டாயம் கிடையாது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மோசமான நாளில் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் உண்மையான பயமாக இருக்கும். அதையும் கறாராகப் போட்டுப் பார்ப்போம். விவரப் பட்டியலில் 20 யூனிட் என்று இருந்தாலும் ஓட்டத்துக்குப் பயன்படுவது 18 என்று குறைத்தே வையுங்கள். சில நிறுவனங்கள் மொத்தக் கொள்ளளவைச் சொல்வார்கள், சிலர் பயன்படும் அளவைச் சொல்வார்கள், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 18 யூனிட்டில் சாதாரண நாளில் 135 கிமீ சுலபமாக வரும். கடுங்குளிரில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் 100 கிமீக்கு 20 யூனிட் போகலாம். அப்போது 90 கிமீ. எட்டுப் பத்து வருடம் கழித்துப் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது என்று வைத்தால் மிச்சம் 14 யூனிட் சொச்சம். சாதாரண நாளில் 110 கிமீ, கடுங்குளிரில் 70 சொச்சம். உங்களுக்குத் தேவை 60. ஆக, மாதக்கணக்கில் பனி பெய்கிற ஊரில் இருந்தால் மட்டும் பெரிய பேட்டரிக்குப் போங்கள். வெயில் ஊர் என்றால் தயங்கவே வேண்டாம். ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் அளவுக்குத்தான் தின்னும், ஏழெட்டு கிமீ குறையும், அவ்வளவுதான். நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் பயமில்லை. நிற்கிற நேரத்தில் மோட்டார் எதையும் எடுப்பதில்லை. பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. பெட்ரோல் காருக்கு எது பகையோ அந்த நகர ஓட்டத்தில்தான் மின்சார கார் நல்ல மைலேஜ் தரும்.

இந்த 18 யூனிட் என்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கிற ஆற்றல். அதை வைத்துக்கொண்டு 135 கிமீ போவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இயந்திரத்தின் சூடாக வீணாகப் போகிற பங்கு இதில் மிகக் குறைவு என்பதே காரணம்.

சின்ன பேட்டரி என்பது ஏழை உறவுக்காரர் மாதிரி பார்க்கப்படுவது எனக்கு வருத்தம். ஜப்பானில் 2022-ல் வந்த நிசான் சகுரா 20 யூனிட் பேட்டரி கொண்ட குட்டிக் கார். அறிவிக்கப்பட்ட ரேஞ்ச், அதாவது முழுச் சார்ஜில் ஓடும் தூரம், 180 கிமீ. தன் இரட்டையான மிட்சுபிஷி வண்டியோடு சேர்ந்து அந்த ஆண்டின் சிறந்த கார் விருதையும் அது வாங்கியது. சீனாவில் 2020-ல் வூலிங் நிறுவனம் இறக்கிய ஹோங்குவாங் மினி இன்னும் குறைவு, 9.3 அல்லது 13.8 யூனிட்தான். லட்சக்கணக்கில் ஓடுகிறது. பேட்டரிதான் காரிலேயே விலை கூடின ஒற்றைப் பாகம். கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாங்கும்போது காசு கொடுக்கிறீர்கள். அப்புறம் அதன் எடையைத் தினமும் சுமக்கிறீர்கள். 20 யூனிட் கூட்டினால் நூறு கிலோவுக்கு மேல் ஏறும். உங்கள் தினசரி வேலைக்குத் தேவைப்படாத எடை அது.

பெரிய பேட்டரி யாருக்குச் சரி? வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வாரத்துக்கு ஒரு முறை வெளியே போட்டுக்கொள்ள வேண்டியவர்களுக்கு. மாதத்தில் பல தடவை வெளியூர் போகிறவர்களுக்கு. வீட்டில் இருக்கிற ஒரே கார் இதுதான் என்கிறவர்களுக்கும். பெரிய பேட்டரி இருந்தால் வேகச் சார்ஜரில் பொதுவாகச் சீக்கிரம் ஏறும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சங்கத்தில் அனுமதி கிடைக்காமல் நீங்கள் வெளிச் சார்ஜரையே நம்ப வேண்டி வந்தால், பெரிய பேட்டரிக்குப் போவதற்கு முன் மின்சார கார் இப்போது வேண்டுமா என்றே ஒரு முறை யோசியுங்கள். வேகச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைவிடப் பெரும்பாலும் கணிசமாக அதிகம். கட்டுப்படியான கார் என்ற எண்ணமே அங்கே அடிபட்டுப் போகும்.

விளம்பரத்தில் போடும் ரேஞ்ச் எண்ணை நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சோதனை முறை. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரி வெப்பநிலையில், ஏசி அணைத்து, சராசரியாக மணிக்கு 46 கிமீ சொச்சம் வேகத்தில் நடக்கிறது. சீனத்து சிஎல்டிசி சோதனையில் சராசரி வேகம் 29 கிமீதான், அதனால் எண் பெரிதாக வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தரும் எண் எல்லாவற்றையும்விடக் கறார். டபிள்யூஎல்டிபி எண்ணில் கால்வாசியையும், சிஎல்டிசி எண்ணில் மூன்றில் ஒரு பங்கையும் கழித்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் இன்னும் குறையும். 80-லிருந்து 100-க்கு ஏறினாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

அடுத்து பேட்டரி வேதியியல். இதை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். எல்எஃப்பியா, என்எம்சியா? எல்எஃப்பி என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு இந்தப் பொருளை பேட்டரிக்கு ஏற்றது என்று காட்டியது. லித்தியம் அயனி பேட்டரிக்காக அவர் 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் நிக்கலோ கோபால்ட்டோ கிடையாது. அதனால் விலை குறைவு. அதிகச் சூட்டைத் தாங்கும், பலமுறை சார்ஜ் செய்தாலும் மெதுவாகவே தேயும், 100 சதவீதம் வரை தாராளமாக ஏற்றலாம். சொல்லப்போனால் அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் கார் மிச்ச சார்ஜைச் சரியாகக் காட்டும், ஏனென்றால் இதன் வோல்டேஜ் நடுவில் அதிகம் மாறாமல் இருக்கும். குறைகளும் உண்டு. அதே அளவு ஆற்றலுக்கு எடை கூடுதல், கடுங்குளிரில் மெதுவாகத்தான் ஏறும். என்எம்சி என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை, இலகுவானது. ஆனால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. உங்கள் மாதிரி தினமும் இரவு செருகி காலையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு எல்எஃப்பிதான் பொருத்தம்.

பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் நிசான் லீஃப் 24 யூனிட் பேட்டரி கொண்டது. அதற்குத் தனியாகத் திரவக் குளிரூட்டல் இல்லை. அரிசோனா மாதிரி கொளுத்துகிற இடங்களில் ஓரிரு வருடத்திலேயே கொள்ளளவு குறையத் தொடங்கியது. வெயில் ஊரில் இருப்பவர் திரவக் குளிரூட்டல் உள்ள வண்டியைத் தேடுவது நல்லது. அதுவும் எல்எஃப்பியாக இருந்தால் இரட்டை நிம்மதி.

இப்போது அந்த பிளக் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் கவனம் குறைவாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், கார் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். ஆகவே பழைய லைனில் செருகாதீர்கள். தனி வயர், லோடு அதிகமானால் துண்டிக்கிற தனி எம்சிபி, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கிற ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் நான்கும் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். அதைச் சார்ஜரின் கோளாறு என்று நினைத்து ஏமாற்று வழி தேடாதீர்கள். அது உங்கள் உயிரைக் காக்கிறது. புது பாயின்ட் போட்டதும் ஒரு மணி நேரம் சார்ஜ் ஓட விட்டு, பிளக்கின் மேல்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம், இதில் எது இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம். சுருட்டி வைத்த வயரில் சூடு வெளியேற வழியே இருக்காது.

டெஸ்ட் டிரைவ் போகும்போது டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏசி போட்டு, நீங்கள் வழக்கமாக அலுவலகம் போகும் சாலையிலேயே ஓட்டுங்கள். ஷோரூம்காரர் காட்டும் காலிச் சாலையில் சுற்றிவிட்டு வராதீர்கள். திரும்பி வந்ததும் சராசரி நுகர்வு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 100 கிமீக்கு 13 என்று காட்டினால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். 17 காட்டினால் உங்கள் சாலையோ ஓட்டும் விதமோ அதற்குக் காரணம். அந்த எண்ணை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும். தரைக்குக் கீழே பேட்டரி இருப்பதால் சில கார்களில் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். பல மின்சார கார்களில் ஒட்டுப் போடும் திரவ டப்பா மட்டும்தான் தருகிறார்கள்.

பழைய வண்டி விஷயம். மின்சார கார்களின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்குவது விற்பவருக்கு நஷ்டம், வாங்கும் உங்களுக்கு ஆதாயம். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கிமீ எண்ணைவிட பேட்டரியின் ஆரோக்கிய சதவீதம் முக்கியம். சர்வீஸ் சென்டரில் கொடுத்து அந்த அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிமீ வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகின்றன. அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்று உத்தரவாதப் புத்தகத்திலேயே படித்துப் பாருங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பேட்டரி வண்டியோடு சேர்ந்ததா, வாடகைக்கு எடுத்ததா என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் பழைய ரெனோ ஸோயி பலவற்றில் பேட்டரி தனி வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. வேகச் சார்ஜர் துளை எந்த வகை என்றும் பாருங்கள். சாடெமோ வகை துளை உள்ள வண்டிக்குப் பல இடங்களில் புதிய சார்ஜர்கள் வருவது குறைந்துவிட்டது. உங்கள் தினசரி ஓட்டத்துக்கு அது பாதகமில்லை, ஆனால் பேரம் பேச உதவும். மின்சார காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகிற அன்று 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் எத்தனை கிமீ காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, இருபது முப்பது கிமீயாவது ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். பிறகு விற்பவரின் சார்ஜிங் கேபிளையே உங்கள் கண் முன்னால் செருகச் சொல்லி, சார்ஜ் ஏறுவதைப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.