விக்டர் எரிசேயின் ‘எல் சூர்’: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எரிசே இயக்கி 1983-இல் வந்த ஸ்பானியப் படம். பெயருக்குத் ‘தெற்கு’ என்று பொருள். கதை 1950-களில், ஸ்பெயினின் வடக்கே நடக்கிறது. டாக்டர் அகுஸ்தின், ஊசலை வைத்து நீரோட்டமும் பார்ப்பவர். தெற்கே இருக்கும் சொந்த ஊருக்கு அவர் ஏன் திரும்பவே இல்லை என்று யோசித்தபடி வளரும் மகள் எஸ்த்ரெயா. முடிவு வரைக்கும் பேசுவேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்கும்போது அறை விளக்கை அணையுங்கள், திரை வெளிச்சத்தை ஏற்றாதீர்கள்.

பாதிராத்திரி ரசிகன்: அக்கா, ஆகா ஓகோ என்கிறார்களே என்று உட்கார்ந்தேன். அரை மணியில் கொட்டாவி. விமர்சகர்களுக்கு மட்டும் என்ன தெரிகிறது?

தம்பி, மொத்தமே 95 நிமிடம்தான். மெதுவான படம், ஆனால் நீளமான படம் இல்லை. முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு இருட்டு. ஓரத்தில் ஒரு ஜன்னல் மெல்ல நீலமாகிறது. வெளியே நாய் குரைக்கிறது, அம்மா, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தப் பதற்றமெல்லாம் அறைக்கு வெளியே. கேமரா கட்டிலை விட்டு நகரவே இல்லை. மகள் தலையணைக்கடியில் கைவிட்டால் அப்பாவின் ஊசல். இனி அவர் வரமாட்டார் என்று அவளுக்கும் தெரிந்துவிடுகிறது, நமக்கும். ஒளிப்பதிவாளர் ஹோசே லூயிஸ் அல்கய்னே அந்த விடியலை அவ்வளவு நிதானமாக ஏற்றுகிறார். போனில் வெளிச்சத்தை முழுக்க வைத்துப் பார்த்தால் இருட்டு சாம்பலாகிவிடும், காட்சியே போய்விடும்.

இன்னொன்று. இதே படம்தான் ஏழு வருடத்தை ஒரே டிசால்வில், அதாவது ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரிவதில், தாண்டுகிறது. மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் எட்டு வயதுப் பெண் சைக்கிளில் போகிறாள், அதே சாலையில் பதினைந்து வயதுப் பெண்ணாகத் திரும்பி வருகிறாள். இதைவிட வேகமாக எந்தக் குடும்பக் கதையில் பெண்பிள்ளை வளர்ந்தாள்? ‘மெதுவான படம்’ என்று திட்டியவர்களும் சரி, அதையே புகழ்ந்தவர்களும் சரி, எரிசே எங்கே நிற்கிறார், எங்கே தாவுகிறார் என்று கவனிப்பதே இல்லை. என் மனக்குறை அதுதான்.

ஞாயிறு மேட்னி: எந்தத் தளத்தில் இருக்கிறது?

மாதத்துக்கு மாதம் மாறும், நீங்களே தேடிப் பாருங்கள்.

வரலாற்று மாணவி: மேடம், எரிசே படம் என்றாலே பிராங்கோ ஆட்சியின் உருவகம் என்கிறார்கள். இதுவும் அப்படித்தானா?

அந்தப் பேச்சு அவருடைய முதல் படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. ‘எல் எஸ்பிரித்து தெ லா கொல்மேனா’, 1973. தணிக்கை இருந்த காலம், உள்நாட்டுப் போரில் ஜெயித்து ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு இருந்தார், மறைத்துத்தான் சொல்ல முடியும். சான் செபாஸ்தியன் விழாவில் தங்கச் சிப்பி விருது வாங்கியது. ‘எல் சூர்’ வரும்போது பிராங்கோ செத்து எட்டு வருடம். இதில் ஒளிவுமறைவே தேவைப்படவில்லை. அப்பாவை வளர்த்த மிலாக்ரோஸ் கிழவி, படுக்கையில் பேத்திமுறைப் பெண்ணுக்கு நேரடியாகவே விளக்குகிறாள்: குடியரசு இருந்தபோது உன் தாத்தா கெட்டவர், அப்பா நல்லவர், பிராங்கோ ஜெயித்ததும் தாத்தா புனிதராகிவிட்டார், அப்பா பிசாசாகிவிட்டார். கிழவியாக நடித்த ராபாயேலா அபாரிசியோ இதை ஊர்வம்பு பேசுகிற தொனியில் சொல்வார். உள்நாட்டுப் போர் ஒரு வீட்டை எப்படிப் பிளந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன உருவகம் வேண்டும்?

ஒன்றரை ஸ்பீடு: வேகத்தைக் கூட்டிப் பார்த்தால்?

வேண்டாம்.

அல்மோதோவார் அடிமை: அல்மோதோவாரோடு ஒப்பிட முடியுமா?

அவரும் ஸ்பானிய இயக்குநர்தான், ஆனால் அது என் ஏரியா இல்லை. அல்கய்னே பின்னாளில் அவருக்கும் பல படங்கள் செய்தார், அங்கிருந்து தொடங்குங்கள்.

கறார் பேர்வழி: பாதியில் நின்ற படத்தை மாஸ்டர்பீஸ் என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா? தெற்கு என்று பெயர் வைத்துவிட்டு தெற்கே போகவே இல்லை!

உண்மைதான், பாதியில் நின்ற படம். தயாரிப்பாளர் எலியாஸ் கெரெஹெத்தா படப்பிடிப்பை நிறுத்தினார், பணம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. தெற்கே ஆந்தலூசியாவில் எடுக்க வேண்டிய பகுதி எடுக்கப்படவே இல்லை. எடுத்த வரைக்கும் தொகுத்து 1983-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் காட்டினார்கள்.

டிஜிட்டல் திண்ணை: நிறுத்தியது நல்லதுக்குத்தான் அக்கா. மர்மம் அவிழாமல் இருப்பதுதானே அழகு? கெரெஹெத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக, எரிசே எடுக்க நினைத்ததை எடுக்க விடாதது நியாயமாகிவிடுமா? அவரே இதை முழுமையான படமாக ஏற்கவில்லை. அதெலாய்தா கார்சியா மொராலெஸின் மூலக்கதை 1985-இல் புத்தகமாக வந்தது. அதில் மகள் தெற்கே போகிறாள், அப்பாவுக்கு இன்னொரு மகன் இருப்பது தெரியவருகிறது. அந்தப் பாதி இருந்திருந்தால் நாம் அப்பாவை வேறு மாதிரி எடைபோட்டிருப்போம்.

கறார் பேர்வழி: அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

பாதிதான் சரி. ஓட்டல் காட்சியைப் பாருங்கள். அப்பாவும் மகளும் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். பக்கத்து ஹாலில் கல்யாணம், பாசோ தோப்லே என்ற ஸ்பானிய நடன இசை வாசிக்கிறார்கள். சின்ன வயதில் அவளுடைய முதல் நற்கருணை விருந்தில் இருவரும் ஆடியது அதே இசைக்குத்தான். வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியாதா என்று அப்பா கேட்கிறார். அவள் போய்விடுகிறாள், அவர் மேஜையில் தனியாக. ஓமெரோ அந்தோனுத்தியும் இசியார் போயாயினும் எதையும் கூட்டி நடிக்கவில்லை. இந்தக் காட்சிக்குத் தெற்கு தேவையில்லை. அடுத்த பாதி எடுக்கப்படாதது நஷ்டம், எடுத்த பாதி குறைப்படம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற விமர்சகர்கள் குறைவு.

டிஜிட்டல் திண்ணை: எரிசேக்கே அந்த நஷ்டம் ஆறிப்போயிருக்கும்.

அவருடைய 2023 படம் ‘செர்ரார் லோஸ் ஓஹோஸ்’ எதைப் பற்றி என்று பார்த்தீர்களா? நடிகர் காணாமல் போய் பாதியில் நின்றுபோன ஒரு படத்தைப் பற்றி. நாற்பது வருடம் கழித்து!

ஞாயிறு மேட்னி 2: லிங்க் கிடைக்குமா?

தர மாட்டேன்.

புதுசு: எரிசேயின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

முழுநீளப் படம் நான்குதான்: 1973, 1983, 1992, 2023. வந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் படத்தில் குழந்தையாக வந்த அனா தொரென்ட் கடைசிப் படத்திலும் இருக்கிறார், வரிசை மாறினால் அது உறைக்காது. 1992-இல் வந்தது ஓர் ஓவியர் சீமைமாதுளை மரத்தை வரைகிற படம். அதைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகிறது என்று என்னிடம் வராதீர்கள். விளக்கை அணைத்தீர்களா?