சிரிங்கா

அன்புள்ள அக்கா,

ஜோஹானஸ்பர்க் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் நவராத்திரி, தீபாவளி வரும் மாதங்களில் இங்கே வசந்தம். இப்போது ஏப்ரல், இலை உதிர்கிறது, கொண்டாட ஒன்றுமே இல்லை. இணையத்தில் பார்த்தால் பூசணிக்காய் அலங்காரம், காய்ந்த இலைத் தோரணம் என்று இலையுதிர் காலத்தை அவ்வளவு அழகாகக் கொண்டாடுகிறார்கள். நானும் பால்கனியில் செடி வைத்தேன், வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தேன், தினமும் மூன்று சந்தோஷங்களை நோட்டில் எழுதுகிறேன். எதுவும் ஒட்டவில்லை. அன்றாடத்தில் மகிழ்ச்சியை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நோட்டை மூடி வையுங்கள். சந்தோஷத்துக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தால் மூன்றாவதுக்கு அல்லாட வேண்டியிருக்கும். வாட்டர்கலர் பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

‘கொண்டாட ஒன்றுமே இல்லை’ என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பங்குனியும் சித்திரையும் இந்த ஊரில் இலையுதிர் காலம். பெரிய வெள்ளியன்று (குட் ஃப்ரைடே) டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வந்து பாருங்கள், நிற்க இடமிருக்காது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அன்று விடுமுறை, அதனால் அம்மன் திருவிழா அந்த நாளில் வந்து உட்கார்ந்துவிட்டது என்பார்கள். காரில் ஆறு மணி நேரத் தூரத்தில் இது நடக்கிறது, நீங்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பூசணிக்காயைப் பார்த்து ஏங்குகிறீர்கள்!

உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் தெருமுனை சிரிங்கா மரத்தை வெட்டினார்கள். இரண்டு நாளாக அதே நினைப்பு.

டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு ஆயா பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அந்த மரத்தில் கொப்பு ஒடித்துக்கொண்டிருந்தார். அம்மனுக்கு என்றார். நான் தஞ்சாவூர்க்காரி, சும்மா இருப்பேனா? “ஆயா, இது வேப்பிலை இல்லை” என்று பாடம் எடுத்தேன். வேம்பில் ஒரே நரம்பு, அதன் இருபுறமும் அரிவாள் மாதிரி வளைந்த இலைகள். சிரிங்காவில் அந்த நரம்பே மறுபடி கிளைவிடும், பிறகுதான் இலைகள். அதை விரல் வைத்துக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. “கப்பல்ல வந்தவங்க வேப்பமரத்தத் தலைல தூக்கிட்டா வந்தாங்க? பேசாம கொம்பப் பிடி” என்றார். பிடித்தேன். அப்போதே ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாகியிருந்தன.

1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள் ‘இங்கே வேம்பு இல்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. வேம்பின் சொந்தக்கார மரம் எது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சிரிங்கா அதே குடும்பம்தான். அதுவும் ஆசியப் பக்கத்திலிருந்து வந்தேறியது, இன்று அரசின் ஊடுருவல் தாவரப் பட்டியலில் இருக்கிறது. அதனால் வெட்டியது தப்பு என்று என்னால் வாதாட முடியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இலையெல்லாம் கொட்டிய பிறகும் மஞ்சள் பழங்கள் குளிர்காலம் முழுக்கக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். ஆயா அவற்றை ஊறவைத்துத் தோலை உரிப்பார். உள்ளே கொட்டை, வரிவரியாக, நடுவில் இயற்கையாகவே ஒரு துளை. ஊசியை விட்டால் சுலபமாகக் கோத்துவிடலாம். எனக்கு ஒரு மாலை கோத்துக் கொடுத்தார். ஒரு கொட்டை மட்டும் விரிசல், அதையும் சேர்த்தே கோத்திருந்தார். (பழத்தை வாயில் வைத்துவிடாதீர்கள், நஞ்சு. புத்தாண்டுக்கு வேப்பம்பூப் பச்சடி ஞாபகம் வந்து இதன் பூவையும் தேடாதீர்கள், அது வசந்தத்தில் பூக்கிற மரம்.)

சரி, நீங்கள் கேட்டது வேறு ஏதோ. பால்கனிச் செடிக்குத் தண்ணீரைக் குறையுங்கள், குளிர் வருகிறது. அப்புறம் உங்கள் தெருவில் என்ன மரம் நிற்கிறது? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு மரத்தின் பெயர்கூட இல்லை. கீழே இறங்கிப் போய் ஓர் இலையை எடுத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். நரம்பு தெரிகிற மாதிரி.