‘ரோபோ’ என்ற ஒரு சொல்லுக்கு ₹91,000: அம்மாவின் முட்டி அறுவைக்கு எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலது முட்டியை முதலில் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் ரோபோ முறையில் செய்ய, தனி அறையில் 4 நாள் தங்குவதோடு சேர்த்து ₹3,85,000 என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பெயரில் ₹5 லட்சம் பாலிசியை 6 வருடமாக விடாமல் புதுப்பித்து வருகிறோம். கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் நிபந்தனை) கிடையாது. ஆனாலும் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில், “கையிலிருந்து ஒண்ணேகால், ஒன்றரை லட்சம் ஆகலாம்” என்கிறார்கள். பில்லே 5 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன்? அம்மாவின் ₹2 லட்சம் எஃப்டியை உடைப்பதா, நான் பர்சனல் லோன் எடுப்பதா? ஒப்புதல் படிவத்தில் அம்மாவுக்குப் பதில் நானே கையெழுத்துப் போடலாமா? எஸ்டிமேட்டையும் பாலிசிப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: எஃப்டியையும் தொட வேண்டாம், லோனுக்கும் போக வேண்டாம். முதலில் எஸ்டிமேட்டை மாற்றி வாங்குங்கள். டெஸ்க்கில் சொன்னது உண்மைதான். அதற்குக் காரணம் உங்கள் பாலிசியில் இருக்கும் இரண்டு வரிகள்.

முதல் வரி, அறை வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1%, அதாவது ₹5,000. இரண்டாவது வரி, ‘நவீன சிகிச்சை முறைகள்: காப்பீட்டுத் தொகையில் 50% வரை’. 2019 செப்டம்பரில் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, இவற்றுக்குக் காப்பீடே கிடையாது என்று எந்த நிறுவனமும் சொல்லக் கூடாது என்றது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் ரோபோ அறுவையும் இருக்கிறது. எல்லா நிறுவனமும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியிலும் இதே 50% வரம்புதான். ஆகவே பில்லில் ‘ரோபோ’ என்று விழுந்த நிமிடமே உங்கள் ₹5 லட்சம் பாலிசி ₹2.5 லட்சம் பாலிசியாகச் சுருங்கிவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்ப்போம். அறை 4 நாளுக்கு ₹32,000 (நாளுக்கு ₹8,000). சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், நர்சிங் ₹1,60,000. ரோபோ கட்டணம் ₹75,000. இம்பிளாண்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) ₹70,000. மருந்தும் கன்ஸ்யூமபிள்ஸும் (பயன்படுத்தித் தூக்கிப்போடும் சாமான்கள்) ₹35,000. டெஸ்ட், சிடி ஸ்கேன் ₹13,000.

₹8,000 அறைக்கு ₹5,000 தான் அனுமதி. அதோடு முடிந்தால் நாளுக்கு ₹3,000 நட்டம், 4 நாளில் ₹12,000 என்று தேற்றிக்கொள்ளலாம். விஷயம் அங்கே நிற்பதில்லை. 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5%. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் இதே விகிதத்தில் வெட்டுவார்கள். வகுப்புக்கு ஒரு ரேட் என்று அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறும் மருத்துவமனைகளில்தான் இப்படி வெட்டலாம். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்பிளாண்ட், டெஸ்ட் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020-ல் ஐஆர்டிஏஐ தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தில் இம்பிளாண்டுக்கு நேரே வெட்டு விழுந்திருந்தால் உடனே எதிர்த்து எழுதுங்கள்.

இப்போது கணக்கு. அறை ₹20,000. சர்ஜன் முதலான கட்டணமும் ரோபோ கட்டணமும் சேர்ந்த ₹2,35,000-ல் 62.5%, அதாவது ₹1,46,875. இம்பிளாண்ட் ₹70,000 முழுசாக. மருந்து வகையில், கையுறை மாதிரி பாலிசியில் சேராத சாமான்களுக்கு ₹7,000 கழித்து ₹28,000. டெஸ்ட் ₹13,000. கூட்டினால் ₹2,77,875. அதன் மேல் 50% வரம்பு வந்து உட்காருகிறது. கம்பெனி தருவது ₹2,50,000, உங்கள் கையிலிருந்து ₹1,35,000.

அதே மருத்துவமனை, அதே டாக்டர், ₹5,000-க்கான ட்வின் ஷேரிங் (இருவர் பகிரும்) அறை, ரோபோ இல்லாத வழக்கமான முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை ₹20,000. அறை வகுப்பு இறங்கினால் சர்ஜன், தியேட்டர் கட்டணமும் இறங்கும். அதை ₹1,35,000 என்று எடுத்துக்கொள்கிறேன், சரியான தொகையை பில்லிங்கில் கேளுங்கள். இம்பிளாண்ட் ₹70,000, மருந்து ₹35,000, சிடி இல்லாததால் டெஸ்ட் ₹8,000. மொத்த பில் ₹2,68,000. கம்பெனி தருவது ₹2,61,000. உங்களுக்கு ₹7,000.

ஷேரிங் அறையிலேயே ரோபோவை மட்டும் சேர்த்தால் பில் ₹3,48,000 ஆகும். வரம்பு ₹2,50,000-ல் நிற்கும், நீங்கள் கட்டுவது ₹98,000. மருத்துவமனை ரோபோவுக்கும் ஸ்கேனுக்கும் வாங்குவது ₹80,000, ஆனால் உங்களுக்கு அது ₹91,000 ஆகிறது. ரோபோ இல்லாமல் தனி அறை மட்டும் எடுத்தால் பில் ₹3,05,000, அனுமதி ₹2,26,000, உங்கள் பங்கு ₹79,000. வாடகையில் ₹12,000 வித்தியாசம்தான் என்று நினைத்து எடுக்கும் தனி அறை, ஷேரிங்கைவிட ₹72,000 கூடுதலாக வைத்துவிடும். ஏசியும் சோபாவும் அந்த விலைக்குப் பெறுமா என்று அம்மாவையே கேளுங்கள். அம்மாக்கள் பொதுவாக அரை நொடியில் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 50% வரம்பு மொத்த அட்மிஷனுக்கா, ‘ரோபோ கட்டணம்’ என்ற தனி வரிக்கு மட்டுமா? உங்கள் பாலிசி வாசகம் மொத்தத்துக்கும் என்றுதான் படிக்க வைக்கிறது. கம்பெனி மின்னஞ்சலில் ‘தனி வரிக்கு மட்டும்’ என்று பதில் தந்தால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். கால் சென்டரில் வாயால் சொன்னது செல்லாது.

அடுத்து, ரோபோ தேவையா? அதை உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். முட்டி மாற்றில் ரோபோ தானாக அறுவை செய்வதில்லை. தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் உலோக ஊசி (pin) அடித்து, அதில் இடம் காட்டும் டிராக்கர் பொருத்தி, முட்டி எங்கே எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். திட்டமிட்ட எல்லையைத் தாண்டி எலும்பை வெட்டவிடாது. கருவிக்குக் கருவி வித்தியாசம் உண்டு. மேக்கோ என்ற கருவிக்கு முன்கூட்டியே சிடி வேண்டும், அதன் தயாரிப்பாளரின் இம்பிளாண்டைத்தான் வைக்க முடியும். கோரி என்ற கருவிக்கு சிடி தேவையில்லை. எந்தக் கருவி என்று கேட்டால்தான் ஸ்கேன் செலவும் இம்பிளாண்ட் தேர்வும் புரியும். வெட்டும் துல்லியம் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. வலியிலோ நடையிலோ அதே அளவு பெரிய வித்தியாசம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. அறுவை நேரம் சற்றுக் கூடலாம். ஊசி அடித்த இடத்தில் எலும்பு முறிவது அபூர்வம், ஆனால் நடப்பதுண்டு.

பணத்தைப் பார்க்காமல் ரோபோவுக்குச் சம்மதிக்க வேண்டிய சந்தர்ப்பமும் இருக்கிறது. வழக்கமான முறையில் தொடை எலும்பின் குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுத்தான் அச்சைப் பிடிப்பார்கள். பழைய எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், ராடு உள்ளே இருந்தாலோ, தொடை எலும்பு ரொம்ப வளைந்திருந்தாலோ அந்தக் கம்பி போகாது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று எக்ஸ்ரேயை வைத்துக் கேளுங்கள். “இல்லை, சாதாரண தேய்மானம்தான்” என்றால், அந்த ₹91,000-ஐ பிசியோதெரபிக்கும் இடது முட்டிக்கும் ஒதுக்குவதே என் தேர்வு.

எஸ்டிமேட்டில் என் கண்ணை உறுத்தியது, ‘இம்பிளாண்ட் ₹70,000’ என்ற ஒற்றை வரி. 2017 ஆகஸ்டில் மருந்து விலையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு ஆணையமான என்பிபிஏ முட்டி இம்பிளாண்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. கோபால்ட் குரோமியம் செட்டுக்கு ₹54,720, டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு ₹76,600, ஜிஎஸ்டி தனி. ஆணை அதன் பின் நீட்டிக்கப்பட்டு வருவதால், நடப்புத் தொகையை என்பிபிஏ தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ₹70,000 எந்த உலோகத்துக்கு? கோபால்ட் குரோமியம் என்றால் கேள்வி கேட்க வேண்டிய விலை இது. தொடைப் பகுதி, கால் பகுதி, நடுவில் வரும் பிளாஸ்டிக் லைனர், முட்டிச் சில்லு என்று ஒவ்வொன்றுக்கும் பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை பில்லில் தனித்தனியாக வர வேண்டும். இம்பிளாண்ட் பெட்டியின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். அதன் நகலையும் டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுங்கள். கிளெய்முக்கும் வேண்டும், பத்துப் பதினைந்து வருடம் கழித்து மறு அறுவை வந்தால் அந்த டாக்டருக்கும் வேண்டும். ரோபோ கட்டணத்துக்கு இப்படி அரசு உச்சவரம்பு எதுவும் கிடையாது.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போடக் கூடாது. அம்மா சுயநினைவோடு, முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது ஒப்புதல் அவருடையது மட்டுமே. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையை, அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயாரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு எடுத்த வழக்கு அது. தாயாரின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, முக்கிய ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்ன பிறகு வாங்குவதுதான் ஒப்புதல் என்றும் சொன்னது. அம்மாவுக்குப் புரிகிற தமிழில் படிவம் கேளுங்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் வெற்றுப் படிவங்களை அடுக்கி “இங்க, இங்க, இங்க” என்று விரலால் காட்டினால், முதல் நாளே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

அறுவை ஒப்புதலில் எந்த முட்டி, எந்த முறை, யார் செய்கிறார் என்பது இருக்க வேண்டும். மயக்க மருந்துக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் தனிப் படிவம். ரோபோவுக்கே போவதாக இருந்தால் இன்னொன்று கேளுங்கள்: நடுவில் கருவி மக்கர் பண்ணி வழக்கமான முறைக்கு மாறினால் அந்த ₹75,000 பில்லில் வருமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போடும் தாள் வேறு, செலவு உறுதிமொழி. ‘இன்ஷூரன்ஸ் தராததை எல்லாம் நான் கட்டுகிறேன்’ என்ற வரி அதில்தான் இருக்கும். அதன் கீழே, “எஸ்டிமேட்டைவிட ₹20,000-க்கு மேல் கூடினாலோ, அறை வகுப்பு மாறினாலோ என் எழுத்துச் சம்மதம் தேவை” என்று கையால் எழுதி, தேதி போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷேரிங் ரூம் காலி இல்லை, ரெண்டு நாள் தனி அறையில் இருங்க’ என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. அந்த இரண்டு நாளும் விகித வெட்டில் வந்து நிற்கும். அப்படி நேர்ந்தால், பில் ஷேரிங் கட்டணத்திலேயே போடப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

சர்க்கரையை மறக்க வேண்டாம். அட்மிட் ஆவதற்கு முன்பே எச்பிஏ1சி (மூன்று மாத சராசரிச் சர்க்கரை), சிறுநீர், பல் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எங்கேயாவது கிருமித் தொற்று இருந்தாலோ சர்க்கரை ஏறியிருந்தாலோ அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். சேர்ந்த பிறகு தள்ளிப்போனால், ‘பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கை’ என்று அந்த நாட்களின் பில்லை கம்பெனி மறுக்க இடமுண்டு. பாலிசி எடுத்தபோது படிவத்தில் சர்க்கரையை எழுதினார்களா என்றும் பாருங்கள். எழுதவில்லை என்றாலும், தொடர்ந்து 60 மாதம் கடந்துவிட்டதால், மோசடி என்று நிரூபித்தாலொழிய அதைக் காட்டி மறுக்க முடியாது. டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம்.

கேஷ்லெஸ் (பில்லை கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் முறை) விண்ணப்பத்தை அட்மிஷனுக்கு மூன்று நான்கு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி முதல் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் கெடு. 3 மணி நேரம் தாண்டி அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது கம்பெனியின் தலையில். முதல் அனுமதியில் தொகை குறைவாக வந்தால் பதற வேண்டாம், இறுதி பில்லோடு கூட்டித் தருவார்கள்.

அப்படியானால் கையில் எவ்வளவு வேண்டும்? பில்லில் ₹7,000. வீட்டுக்கு வரும் பிசியோவுக்குத் தடவைக்கு ₹600 என்றால் 20 தடவைக்கு ₹12,000. வாக்கர், கமோடு ஸ்டாண்டு தனி. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு உங்கள் பாலிசியில் 60 நாள் இருக்கிறது. டாக்டர் சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று எழுதி வாங்கி, ரசீது சேர்த்து அனுப்புங்கள். மருத்துவமனை கேட்கும் முன்பணத்துக்கும் சேர்த்து ₹50,000 சேமிப்புக் கணக்கில் இருந்தால் போதும். குறைந்தால் எஃப்டியின் மேல் ஓவர்டிராஃப்ட் எடுங்கள். பர்சனல் லோனைவிட வட்டி மிகக் குறைவு, எஃப்டியும் உடையாது. எதைக் கட்டினாலும் கார்டு அல்லது யுபிஐ. ₹2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

கிளெய்மை வெட்டினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

இடது முட்டிக்கு இப்போதே தேதி வாங்கிவிடாதீர்கள். முதல் அறுவைக்கு ₹2,61,000 போனால் இந்தப் பாலிசி ஆண்டில் மிச்சம் ₹2,39,000 தான். தீர்ந்த தொகையை மறுபடி நிரப்பும் வசதி பல பாலிசிகளில் அதே நோய்க்கு உதவாது. உங்கள் வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிசி பிப்ரவரியில் புதுப்பிப்பு என்று நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இருக்கிறது. காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், இரண்டாவது அட்மிஷன் புதுப்பித்த தேதிக்குப் பிறகு இருக்கட்டும்.