900 முறை வென்றும் விதை கிடைக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளின் இறுதிக் கட்டத்தில் கிடைக்கும் அரிய பரிசுகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்: ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் ‘கரப்டட் கோண்ட்லெட்’ சவாலை இதுவரை 900 தடவை வென்றுவிட்டேன். 400க்கு ஒன்று என்று சொல்லப்படும் அந்த மேம்பட்ட படிக ஆயுத விதை இன்னும் விழவில்லை. என் கணக்கில் ஏதாவது பழுது இருக்குமா? இவ்வளவு காத்திருந்ததால் இனி விழும் வாய்ப்புக் கூடியிருக்குமா?

உங்கள் கணக்கில் பழுது இல்லை. வாய்ப்பும் கூடவில்லை. இரண்டாவது பதில் உங்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன், ஏனெனில் அதை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

எங்கள் ஊர்களில் பெண்கள் நடத்தும் சீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை கட்டுவார்கள். பெயர் எழுதிய துண்டுகளைச் சுருட்டிப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி, முற்றத்தில் விளையாடும் சின்னப்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். என் அம்மா நடத்திய சீட்டில் துண்டு எடுத்த பிள்ளை நான்தான். பேணியின் விளிம்பு கையை வெட்டிவிடும் என்று பயந்து விரல் நுனியால் மட்டும் தொட்டு எடுத்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சீட்டில், எடுத்த பெயர் மீண்டும் பேணிக்குள் போகாது. அதனால் மாதங்கள் போகப் போகத் துண்டுகள் குறைந்து, காத்திருப்பவரின் வாய்ப்பு ஏறிக்கொண்டே வந்து, இருபதாம் மாதம் கடைசி ஆளுக்குக் காசு நிச்சயமாகிவிடும். நீங்கள் ஆடும் விளையாட்டின் பேணியிலோ 400 துண்டுகள் கிடக்கின்றன. ஒன்றில் மட்டுமே விதை எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுத்த வெறுந்துண்டு ஒவ்வொரு தடவையும் உள்ளே திரும்பப் போடப்பட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. 901ஆவது தடவை கையை உள்ளே விடும்போதும் பேணியில் அதே 400 துண்டுகள்தான் இருக்கும்.

கணக்காகச் சொன்னால், 400 வெற்றிக்குப் பிறகும் விதை கிடைக்காதவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர். பாதிப் பேருக்குக் கிடைத்திருக்கும் எல்லை 277 வெற்றிகள். 900 வெற்றிக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூறில் பத்துப் பேருக்குச் சற்று மேல். நீங்கள் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். பத்தில் ஒன்று என்பது எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒரு வீட்டுக்கு நடக்கக்கூடிய காரியம். அதற்கு யாருடைய சதியும் தேவையில்லை.

உங்கள் கையில் இருப்பது, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை பேணிக்குள் கைவிடுகிறீர்கள் என்பதுதான். அந்தச் சவாலில் ஆயத்தம் செய்ய ஏழரை நிமிடமும் அதற்குப் பிறகு சண்டையும் இருக்கின்றன; தோற்றால் அவ்வளவு உழைப்புக்கும் விதைக்கான குலுக்கல் கிடையாது. பத்தில் ஆறு தடவை வெல்லும் ஒருவர், ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் செலவிட்டால், பத்து மணித்தியாலத்தில் 30 குலுக்கல் பெறுவார். அவரே ஒரு மாதம் பொறுமையாகப் பழகி, பத்து நிமிடத்துக்குள் முடித்து, பத்தில் ஒன்பதை வென்றால், அதே நேரத்தில் 54 குலுக்கல் பெறுவார். அதிர்ஷ்டத்தை நேர்ந்துகொண்டு ஆடுபவருக்கும் கைப்பழக்கத்தைத் திருத்திக்கொண்டு ஆடுபவருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் இதுதான். ஆகவே தோற்ற ஆட்டங்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள்: உயிரை ஏற்றும் சாப்பாடு போதாமல் தோற்றதா, எதிரியின் அடியைத் தடுக்கும் ‘பிரார்த்தனை’யை மாற்றப் பிந்தித் தோற்றதா, நிலத்து நெருப்பில் மிதித்துத் தோற்றதா என்று. இரண்டு கிழமையில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுடையது பிறருடன் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாத ‘அயர்ன்மேன்’ கணக்கு இல்லையென்றால், அந்த விதை விளையாட்டுக்குள்ளேயே வாங்கக்கூடிய பொருள். 900 வெற்றியில் நீங்கள் சேர்த்த மற்றப் பொருட்களை விற்றுப் பாருங்கள். இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடச் சிறிதாக இருக்கக்கூடும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்: ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ விளையாட்டில் ‘இன்வின்சிபிள்’ என்ற பறக்கும் குதிரைக்காக இரண்டு ஆண்டுகளாக வாரம் தவறாமல் லிச் கிங் என்ற எதிரியை வெல்கிறேன். தொடரலாமா, விட்டுவிடலாமா?

அந்தக் குதிரையின் கதையைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது இலகு. லிச் கிங்கின் கோட்டை 2009 டிசம்பரில் திறக்கப்பட்டது; அந்தக் காலத்தில், 25 பேர் கொண்ட குழு கடினமான நிலையில் லிச் கிங்கை வீழ்த்தினால் குதிரை நிச்சயமாக விழும். 25 பேரில் ஒருவர் அதைப் பெறுவார். அடுத்த விரிவாக்கத்தோடு அந்த நிச்சயம் எடுக்கப்பட்டுவிட்டது. இன்று, விளையாடுபவர்கள் திரட்டிய பதிவுகளின்படி, வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. முன்னர் 25 பேரின் திறமைக்குக் கிடைத்த பரிசு, இன்று தனியாளின் பொறுமைக்குக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் உங்கள் ஆசையை அது குறைத்துவிடத் தேவையில்லை.

இரண்டு ஆண்டு என்றால் ஏறத்தாழ 100 தடவை. நூறு தடவைக்குப் பிறகும் கிடைக்காதவர்கள் நூறில் 37 பேர். மல்லாவி வாசகருக்குச் சொன்ன அதே கணக்கு. உங்கள் தடை வாரக் கட்டுப்பாடுதான்: ஒரு கதாபாத்திரத்துக்கு வாரத்தில் ஒரு குலுக்கல். ஆனால் அந்தக் கட்டுப்பாடு பாத்திரத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஒரே சந்தாவில் ஆறு பாத்திரங்களை வளர்த்து ஆறையும் ஒவ்வொரு வாரமும் கொண்டுபோனால், ஆண்டுக்கு 312 குலுக்கல். ஒரு பாத்திரத்தோடு ஓர் ஆண்டில் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41. ஆறோடு நூற்றுக்கு 96.

சந்தா மாதம் 14.99 அமெரிக்க டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியது. மூவாயிரம் ரூபாய்ச் சந்தா இரண்டு மாதத்தில் ஐயாயிரத்துக்கு மேல் போனதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தக் குதிரைக்காக மட்டுமே சந்தா கட்டுகிறீர்கள் என்றால், ஒரு பாத்திரத்தோடு இழுத்துக்கொண்டு போவதை நிறுத்துங்கள்: ஆறு பாத்திரங்களை ஆயத்தம் செய்து ஓர் ஆண்டு கட்டுங்கள், அல்லது இன்றே விடுங்கள்.

நிச்சயம் வேண்டும் என்று நினைப்பவருக்கு ‘ஃபைனல் ஃபாண்டசி 14’ பொருத்தமானது. அங்கே கடினமான ‘பொஸ்’ (சண்டையின் பெரிய எதிரி) ஒருவரை வெல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னம் கையில் கிடைக்கும். குதிரையோ பறவையோ குலுக்கலில் விழாவிட்டாலும், பிந்திய பதிப்பு வந்த பிறகு, 99 சின்னங்களைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம். அது அம்மா நடத்திய சீட்டு. கட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உங்கள் பெயர் வரும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்: மகன் உயர்தரம் படிக்கிறான். ‘ஃபைனல் ஃபாண்டசி 14’ விளையாட்டில் ஏழு பேருடன் சேர்ந்து இரவு ஒன்றரை மணிக்கு ஆடுகிறான். இடையில் எழுந்தால் மற்ற ஏழு பேரும் தோற்றுவிடுவார்கள் என்கிறான். உண்மையா, சாட்டா?

அம்மா, உண்மைதான். அந்தக் கடினமான சண்டைகள் எட்டுப் பேருக்கென்று கட்டப்பட்டவை. ஒருவர் எழுந்துபோனால் அந்த முயற்சி பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பிள்ளையை அந்த ஒரு விடயத்துக்காக நான் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒன்றரை மணி என்ற நேரம் மாற்றக்கூடியது. மாரிகாலத்தில் இலண்டனில் இரவு எட்டு மணி என்பது எங்களுக்கு அதிகாலை 1:30. மகன் ஐரோப்பியக் குழுவில் இருக்கிறார் என்று அதிலிருந்து ஊகிக்கிறேன். யப்பான் சேர்வரில் ஆடுபவர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கூடினால் எங்களுக்குப் பின்னேரம் 5:30. பாத்திரத்தை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கட்டணம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் நித்திரையோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல. இரண்டாவதாக, மிகக் கடினமான புதிய சண்டைகள் சிலவற்றின் பரிசுக்கு வாரக் கட்டுப்பாடு இருக்கிறது. அது செவ்வாய்க்கிழமை எங்கள் நேரம் பிற்பகல் 1:30க்குப் புதிதாகத் தொடங்கும். அந்த வாரத்துப் பரிசை எடுத்துவிட்ட பிறகு, அதே சண்டையை மறுபடி ஆடுவதால் மகனுக்குப் புதிய பரிசு கிடைக்காது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று அவரோடு இருந்து பேசி முடிவெடுங்கள். அந்த நான்கு மணித்தியாலத்தில் நடுவில் கடைக்குப் போகச் சொல்லிக் கூப்பிடாமல் விடுங்கள். மிச்ச நாட்களில் கணினி மூடியிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு முழுதாக இருக்கும்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் குழு கடைசிப் பொஸ்ஸிடம் அறுபது தடவை தோற்றுவிட்டது. இரண்டு பேர் விலகப் போகிறார்கள்.

2017இல் ‘மெதட்’ என்ற குழு ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டின் கில்ஜேடன் என்ற பொஸ்ஸை மிகக் கடினமான நிலையில் உலகிலேயே முதலாவதாக வீழ்த்தியபோது, அது அவர்களின் 654ஆவது முயற்சி. அவர்கள் அதற்கென்றே இருக்கும் இருபது பேர். அறுபது என்ற எண் உங்கள் குழுவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கடைசிப் பத்து முயற்சிகளில் பொஸ்ஸின் உயிர் எந்த அளவில் நின்றது என்பதே சொல்லும். அது 30, 24, 19 வீதம் என்று இறங்கிக்கொண்டு போனால் அந்த எண்களை விலகப்போகும் இருவருக்கும் காட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால், ஒரு நாள் ஆடாமல் இருந்து, தோற்ற சண்டைகளின் பதிவைப் போட்டுப் பாருங்கள்.

மின்சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். ஒரு மார்கழி இரவில், எட்டுப் பேரில் நான் வைத்தியராக நின்ற சண்டையில், பொஸ்ஸின் உயிர் இரண்டு வீதத்துக்கு வந்த நேரம் மழையோடு கரண்ட் போனது. திரை கறுத்தது, ஓட்டுக் கூரையில் விழும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது, கைகள் இன்னும் விசைப்பலகையில் இருந்தன. மறுநாள் கணினிக்கு யூ.பி.எஸ். வாங்கினேன். அடுத்த மின்வெட்டில் கணினி அணையாமல் நின்றது, ஆனால் ரூட்டர் அணைந்தது. ரூட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். நீங்கள் அதை என்னைப் போல் இரண்டு தடவையில் கற்க வேண்டியதில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாணவர்: ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டில் ‘கொன்கரர்’ என்ற உச்சத் தரத்தை எடுக்க ஒருவர் பதினையாயிரம் ரூபாய் கேட்கிறார். ஐடியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் அவரே ஆடி ஏற்றித் தருவாராம்.

கொடுக்க வேண்டாம். பாஸ்வேர்டு கைமாறிய கணக்கு உங்களுடையதாகத் திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை; பிறரைக்கொண்டு ஆடுவிப்பது விதிமீறல் என்பதால், திரும்பி வந்தாலும் தடைசெய்யப்படலாம். ‘கொன்கரர்’ என்பது பேணிக்குள் கைவிடும் பரிசு அல்ல. அது சேர்வரில் முதல் 500 இடங்களுக்குள் இருப்பவர்களுக்கு உரியது, ஆகவே மற்றவர்கள் ஏறும்போது நீங்கள் இறங்குவீர்கள். அவர் ஏற்றிவிட்டாலும் அந்த இடத்தைக் காப்பாற்றி ஆட வேண்டியவர் நீங்கள். பதினையாயிரத்தை வைத்திருங்கள்.

முல்லைத்தீவிலிருந்து இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதியது: இருவரும் ஒரே குழு. மூன்று மாதம் காத்திருந்த வாள் ஒன்று விழுந்தது. விளையாட்டின் நூறு வரையான பகடையில் ஒருவர் 91, மற்றவர் 88. வென்றவர் குழுவில் சேர்ந்து இரண்டு கிழமைதான். இப்போது இருவரும் பேசுவதில்லை; ஆனால் உங்களுக்குச் சேர்ந்து எழுதுகிறோம்.

சேர்ந்து எழுதியதே எனக்குப் போதும். பகடை ஒரு நாள் மட்டும் கூடும் அந்நியர்களுக்கு நல்ல வழி. மூன்று மாதம் சேர்ந்து உழைப்பவர்களுக்கு அது பொருந்தாது. 1999இல் தொடங்கிய ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டின் குழுக்களே இதைக் கண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் வந்தவருக்குப் புள்ளி எழுதி, பொருள் விழும்போது அந்தப் புள்ளியைச் செலவழித்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. வயல் வெட்டுக்கு ஒருவர் காணிக்கு மற்றவர் போய் நின்று, எத்தனை நாள் நின்றோம் என்று மனதில் கணக்கு வைத்திருந்து, தன் காணிக்கு ஆள் கேட்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நடந்த பகடையை மாற்ற வேண்டாம். 91 எடுத்தவர் விதிப்படி எடுத்தார், வாள் அவருடையது. இன்றிரவே ஒரு தாளில் குழுவில் உள்ள எல்லோருடைய பெயர்களையும் எழுதி, மூன்று மாதமும் யார் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று நினைவிலிருந்து நிரப்புங்கள். 88 எடுத்தவர் அந்தப் பட்டியலின் மேல்பக்கத்தில் இருப்பார். அடுத்த வாள் விழும்போது அந்தத் தாளைப் பார்த்துக் கொடுங்கள்.