நியூகாசிலிலிருந்து ஒரே நாளில் ஹேட்ரியன் சுவர்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க வேண்டும்; கார் இல்லை, ஒரு நாள்தான், அம்மாவுக்கு ஏற்றம் ஆகாது என்கிறீர்கள். அப்படியானால் எல்லாரும் சொல்லும் ஹவுஸ்டெட்ஸ் ரோமானியக் கோட்டையை விட்டுவிடுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோட்டை வரை ஏறுமுகமான பாதை. மழை பெய்தால் புல் வழுக்கும். சுவரை ஒட்டிய இன்னோர் இடமான ஸ்டீல் ரிக் பக்கம் படிகள் இன்னும் செங்குத்து.

உங்களுக்குச் சரியான இடம் பேர்டோஸ்வால்ட் ரோமானியக் கோட்டை. இன்று எஞ்சியிருப்பதில் மிக நீளமான தொடர்ச்சியான சுவர்ப்பகுதி இங்கேதான், கோட்டையை ஒட்டியே. தரை பெரும்பாலும் சமம். நியூகாசில்–கார்லைல் ரயிலில் ஹால்ட்விசில் இறங்கி டாக்சி பிடியுங்கள். திரும்பி வரும் டாக்சியையும் முந்தைய நாளே பேசி வையுங்கள். அங்கே போய் நின்று கூப்பிட்டால் வண்டி கிடைப்பது சந்தேகம், கைபேசி சிக்னலையும் நம்ப முடியாது.

சுவர்ப் பகுதியில் ஓடும் ஏடி122 பேருந்தை நம்பித் திட்டம் போடுமுன் அந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள். அதன் சேவை பருவத்துக்குப் பருவம் மாறும். (எண்ணில் உள்ள 122, சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. ஆண்டு.)

விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையும் அருமையான இடம். ஆனால் அது சுவரின் மேல் இல்லை, தெற்கே ஒரு மைல் தள்ளி இருக்கிறது. நிர்வாகமும் வேறு, சீட்டும் தனி. அங்கே கிடைத்த ரோமானியர் காலத்து மரப்பலகைக் கடிதங்களில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுக்காகவே போவதானால் ஏமாற்றம்தான்.

கோடையிலும் காற்று அறையும். குடை உதவாது, தொப்பி வைத்த மழைச்சட்டை எடுங்கள். படத்துக்காகச் சுவர்மேல் ஏற வேண்டாம், கற்கள் பெயர்ந்துவிடும்.