நிலத்துக்கு வெளியே வரும் வருமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அடுத்தவர் வயலில் பெறும் கூலியும் கறவை மாட்டு வருமானமும் வேளாண்மை சாராத வருமானத்தில் சேருமா?

பதில்: சேராது. கால்நடை வளர்ப்பு வேளாண்மையிலேயே அடங்கும். அடுத்தவர் வயலில் வாங்கும் கூலி, சொந்த நிலத்துக்கு வெளியே கிடைத்தாலும், வேளாண் துறையிலிருந்தே வருகிறது. பாலைப் பதப்படுத்தி விற்றால் அது வேளாண்மை சாராத வருமானத்தில் சேரும். இது வெறும் ஏட்டுப் பிரிவினையன்று; மழை பொய்த்த ஆண்டில் சொந்த விளைச்சலும் அடுத்தவர் வயல் கூலியும் ஒருசேர நின்றுவிடும்.

கேள்வி: உழவர் வேறு வேலை தேடுவது விவசாயம் நொடித்துவிட்டது என்பதற்கு அடையாளந்தானே?

பதில்: சில வீடுகளில் ஆம். விளைச்சல் போதாமல் கிடைத்த வேலைக்குப் போவது ஒன்று. படிப்போ கைத்தொழிலோ இருப்பதால் நல்ல வாய்ப்பைத் தேடிப் போவது வேறொன்று. பொருளியலாளர்களின் மதிப்பீட்டின்படி, ஊரகக் குடும்பங்களின் வருமானத்தில் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஏறக்குறைய பாதியும், ஆப்பிரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் வேளாண்மைக்கு வெளியிலிருந்து வருகின்றன. ஜப்பானில், நிலத்தைவிடப் பிற வேலைகளில் அதிகம் ஈட்டும் உழவர் குடும்பங்களைத் தனி வகையாகவே பிரித்துக் கணக்கெடுத்தார்கள். 1975இல் மொத்த உழவர் குடும்பங்களில் அவை பாதியைத் தாண்டியிருந்தன. அவர்கள் நிலத்தை விட்டுவிடவில்லை.

கேள்வி: வீட்டோடு தையல் தொழிலோ சிறு கடையோ தொடங்க நினைக்கிறோம். எது நல்லது?

பதில்: எவ்வளவு வரும் என்பதைவிட, எந்த மாதத்தில், யார் கையிலிருந்து வரும் என்று முதலில் பாருங்கள். ஊர்க் கடையில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் சரக்கு கடனாகப் போகும். அறுவடை முடிந்தபின் பணம் திரும்பும். விளைச்சல் பொய்த்தால் உங்கள் வயலும் நட்டப்படும், வாங்கியவர்களின் வயல்களும் நட்டப்படுவதால் கடனும் வராது. ஒரே வறட்சி உங்களை இருமுறை அடிக்கும். தையலில் முதலீடு குறைவாகவே முடங்கும். ஆனால் ஊரில் பணம் புழங்கும் அறுவடைக் காலத்தில்தான் துணிகள் வந்து குவியும், அப்போது உங்கள் வீட்டுக் கைகளோ வயலில் இருக்கும். ஆகவே, ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் வீட்டில் ஓய்வாக இருப்பவர் யார், கையில் பணமில்லாத மாதம் எது என்று குறியுங்கள். அந்த இரண்டும் சேரும் மாதங்களில் வேலை தரும் தொழிலே உங்களுக்குப் பொருந்தும். லாபம் பார்க்கும்போது வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டுக் கழியுங்கள். பலரும் இதைச் செய்யாமல், நட்டத்தில் ஓடும் கடையை லாபமென்று நம்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கலாமா?

பதில்: உள்ளூர் மழையோடு தொடர்பில்லாத பணம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. ஒருவரை வெளியூருக்கு அனுப்புவது, குடும்பம் முழுவதும் சேர்ந்து தனக்குச் செய்துகொள்ளும் காப்பீடு போன்றது என்று 1985இல் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் ஆகிய பொருளியலாளர்கள் விளக்கினார்கள். ஆனால் மகன் செய்துவந்த வயல் வேலைக்கு இப்போது ஆள் வைத்திருப்பீர்கள். அந்தக் கூலியை அவர் அனுப்பும் தொகையிலிருந்து கழித்தபின் மிஞ்சுவதையே வருமானமாக எழுதுங்கள்.