சிபாப் குழாயில் தண்ணீர் கட்டுகிறது, மாஸ்க்கைக் கழற்றி எறிகிறார்: மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு 49 வயது. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். பிக்கப் வண்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலைந்து நாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். பல வருடமாகக் குறட்டை. இப்போது நடுவில் மூச்சே நின்று, பிறகு திடுக்கென்று இழுத்து விடுகிறார். ராத்திரி மூன்று தடவையாவது ஒன்றுக்குப் போகிறார், காலையில் தலைவலி. இரண்டும் குளிரால்தான் என்று இருந்துவிட்டோம். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 150-க்குக் கீழே இறங்கவில்லை. கோயம்புத்தூரில் காட்டினோம். சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்து, தங்கிய இடத்திலேயே ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), ஏ.எச்.ஐ. 41, ரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சிபாப் மெஷின் வாங்கினோம், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். போட்டவுடன் மூச்சு முட்டுகிறது என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் சேர்ந்து முகத்தில் தெறிக்கிறது. காலையில் வாய் காய்ந்து கிடக்கிறது. பத்து நாளில் வெறுத்துவிட்டார். மெஷினுக்குப் பழகினால் நுரையீரல் சோம்பேறியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள். மாத்திரையோ ஆபரேஷனோ இல்லையா?

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். மூச்சு முட்டல், தண்ணீர், வாய் வறட்சி மூன்றும் செட்டிங்கையும் மாஸ்க்கையும் மாற்றினால் தீரக்கூடியவை. அதைவிட அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கண்டிப்பாகக் கூடாது. இந்த அளவு ஸ்லீப் ஆப்னியா சிகிச்சையில்லாமல் இருக்கும்போது, ஸ்டீயரிங் பிடித்தபடியே ஓரிரு நொடி கண் அசந்துவிடும். அசந்தது அவருக்கே தெரியாது. ஜன்னலை இறக்கிவிட்டுக் குளிர்காற்று வாங்குவதோ, வழியில் டீ குடிப்பதோ இதற்குக் காப்பு ஆகாது. சில வாரத்துக்கு வேறு டிரைவரைப் போடுங்கள். வருமானம் போகிறது என்பது புரிகிறது. இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு 10 நொடியாவது நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது என்ற கணக்கு. 5-க்குள் இருந்தால் சாதாரணம், 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 41 என்றால் ஆறு மணி நேரத் தூக்கத்தில் ஏறத்தாழ 250 தடவை. கையில் கொடுத்தனுப்பும் கருவியில் மூளை அலை பதிவாகாது. அவர் விழித்துக் கிடந்த நேரத்தையும் அது தூக்கமாகவே எண்ணி வகுத்துவிடும். ஆகவே உண்மையான எண் 41-ஐவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிறுநீருக்கு எழுந்ததும் காலைத் தலைவலியும் குளிரால் வந்தவை என்று நினைத்தது மலையில் எல்லோரும் செய்வதுதான். தொண்டை அடைத்திருக்க, நெஞ்சு வலுவாக மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை அது சுரக்கிறது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷருக்குப் பின்னால் இந்த நோய் இருப்பதும் அடிக்கடி காண்பது. சிபாப் ஒழுங்காக ஓடினால் ராத்திரி எழுந்து போவது பெரும்பாலும் சீக்கிரமே குறையும். பிரஷர் மெல்லத்தான் இறங்கும், எல்லோருக்கும் நிறைய இறங்கிவிடாது. மாத்திரைகளை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

நுரையீரல் சோம்பேறியாகும் என்பது வீண் பயம். சிபாப் அவருக்காக மூச்சு விடுவதில்லை. மூச்சை அவரே இழுத்து அவரே விடுகிறார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூடிக்கொள்ளாமல், உள்ளே காற்றழுத்தம் கொடுத்துத் திறந்து வைப்பது மட்டுமே மெஷினின் வேலை. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் இந்த முறையை வெளியிட்டார். இன்றைக்கும் கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை இதுதான்.

மாத்திரை இல்லை. டிர்செபடைடு என்ற ஊசியை, உடல் பருமனோடு இந்த நோயும் இருப்பவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அது எடையைக் குறைத்துப் பலன் தருவது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தொண்டையைத் திறந்து வைக்க மெஷின் வேண்டும். டான்சில் பெரிதாக இருந்தாலோ மூக்குத் தண்டு வளைந்திருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. உள்நாக்கை வெட்டும் ஆபரேஷனை நம்பி 41-ல் இருப்பவர் மெஷினை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி தண்ணீர். ஈரப்பதத் தொட்டியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளக் குழாய் வழியாக மாஸ்க்குக்கு வருகிறது. அறை 10 டிகிரிக்கு வந்துவிட்டால் குழாயின் சுவர் சில்லென்று ஆகி, சுடுசோற்றுப் பாத்திரத்தின் மூடியில் வேர்ப்பது மாதிரி உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. இரண்டு மணிக்கு மேல் குளிர் ஏற ஏறத் தொல்லையும் கூடுவது அதனால்தான். மெஷின் பழுதில்லை.

மெஷினைக் கட்டிலின் மட்டத்துக்குக் கீழே, ஒரு அடி தாழ்ந்த முக்காலியில் வையுங்கள். சேரும் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். ஈரப்பத அளவை இப்போது இருப்பதிலிருந்து ஒரு படி குறையுங்கள், இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னொரு படி. குழாய்க்குக் கம்பளி உறை போடுங்கள். பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி நீளமாகத் தைத்தாலும் போதும். குழாயைப் போர்வைக்குள்ளேயே கொண்டுவந்து, கடைசி ஒரு சாண் மட்டும் வெளியே இருக்கட்டும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் சூடேற்றும் குழாய் வாங்கலாம். உள்ளே மெல்லிய கம்பி ஓடும், 27 டிகிரி அளவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், எல்லா மெஷினிலும் அதற்கான இணைப்பு இருக்காது.

"மூடுபனி ஊரில் ஈரப்பதம் எதற்கு, அணைத்துவிடலாமே" என்று தோன்றும். 10 டிகிரிக் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 9 கிராம் நீர்தான் இருக்கும். 37 டிகிரி உடல் சூட்டில் அதே காற்றுக்கு 44 கிராம் தேவை. மிச்சத்தை அவருடைய மூக்கிலிருந்துதான் உறிஞ்சும். மூக்கு வறண்டு வீங்கி அடைத்தால் வாய் திறக்கும். ஆகவே ஈரப்பதத்தைக் குறைக்கலாம், அணைக்கக் கூடாது.

மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. ஆட்டோ மெஷின் பெட்டியிலிருந்து வரும்போது அழுத்தம் 4 முதல் 20 வரை (செ.மீ. நீர் அழுத்தக் கணக்கில்) என்று இருக்கும். பலருக்கு அதை யாரும் மாற்றிக் கொடுப்பதே இல்லை. விழித்திருக்கும் பெரிய ஆளுக்கு 4 போதாது, காற்று பற்றவில்லை என்று நெஞ்சு தவிக்கும். நள்ளிரவுக்கு மேல் கனவுத் தூக்கம் கூடும்போது தொண்டை இன்னும் தளர, மெஷின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். மாஸ்க் கசியும், சத்தம் வரும், அவர் எழுந்து கழற்றி எறிவார். சிபாப் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஆரம்ப அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். மேல் எல்லையை மெஷினின் பதிவைப் பார்த்து அவர் வைப்பார். உதாரணத்துக்கு, ராத்திரியில் 95 சதவீத நேரம் 11-க்குள் போதுமாக இருந்தால் 7 முதல் 13 என்று குறுக்கலாம். மூச்சு விடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கும் வசதியும் இருக்கும், அதையும் போடச் சொல்லுங்கள். காற்றை விழுங்கி வயிறு உப்பினால் அதற்கும் இதே வழிதான்.

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு இறுக்கக் கூடாது. படுத்தால் கன்னச் சதை நகரும். மெஷினை ஓடவிட்டு, படுத்தபடி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி உட்காரவிட்டு, பிறகு வார்களை இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் சிலிகான் மடிந்து இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். மீசை அடர்த்தியாக இருந்தால் மேலுதட்டில் படும் மாஸ்க் ஒட்டாது. மீசையை எடுக்க மனமில்லாதவர்களுக்கு மூக்குத் துளையில் பொருந்தும் சின்ன மெத்தை வகை சரியாக வரும்.

வாய் காய்வது, மூக்கில் போன காற்று வாய் வழியே தப்புவதன் அடையாளம். முதலில் மூக்கடைப்பைப் பாருங்கள். படுக்கும் முன் உப்பு நீர் ஸ்ப்ரே, தேவையானால் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது வலிநிவாரணி மாதிரி உடனே கேட்காது, ஓரிரு வாரம் தினமும் அடிக்க வேண்டும். மூக்கு திறந்த பிறகும் வாய் திறந்தால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம்.

ஒன்று கட்டாயம். ஜலதோஷத்துக்குச் செய்கிற பழக்கத்தில் நீலகிரித் தைலத்தை ஈரப்பதத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். பிளாஸ்டிக்கும் பாழாகும், அந்த எண்ணெய் ராத்திரி முழுக்க நேராக நுரையீரலுக்கும் போகும்.

தொட்டிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். தீர்ந்துபோன ராத்திரிக்குக் காய்ச்சி ஆறிய நீர் பரவாயில்லை, ஆனால் உப்புப் படியும். அந்த வெள்ளைப் படிவத்துக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரில் பத்துப் பங்கு நீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம். மிச்ச நீரைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். மாஸ்க்கின் மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒரு முறை மிதமான சோப்பு நீரில் அலசுங்கள். மழைக்காலத்தில் இங்கே குழாய் இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை பிடிக்கும். அலசிய குழாயை உதறி, தொட்டியைக் காலி செய்துவிட்டு, மெஷினில் மாட்டிச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

பழக்குவதைப் பகலில் தொடங்குங்கள். டிவி பார்க்கும்போது மெஷினை ஓடவிட்டு அரை மணி நேரம் மாஸ்க் போடட்டும். தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று நாலு நாளில் முகம் மறந்துவிடும். ராத்திரி கழற்றிவிட்டால் விழிப்பு வரும்போது மறுபடி போடட்டும். விடியலில் கிளம்பும் தொழில் என்பதால் பகல் தூக்கமும் இருக்கும், அதற்கும் மாஸ்க் வேண்டும். மாலையில் ஒரு பெக் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சாராயமும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும்.

மின்தடை உங்கள் ஊரில் வருவதுதான். கரண்ட் போனால் மூச்சடைத்துவிடாது. மாஸ்க்கில் காற்றுத் துளைகள் உண்டு, அவருக்கு விழிப்பும் வந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சுத்த சைன் வேவ் வகை வேண்டும். தொட்டியின் சூட்டையும் குழாயின் சூட்டையும் அணைத்துவிட்டால் மின்செலவு பாதிக்கு மேல் குறையும், பேட்டரி விடியும்வரை தாங்கும்.

குளிருக்காகக் கதவை அடைத்துக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மெஷினின் ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

நான்கு வாரம் கழித்து, மெஷினில் இருக்கும் கார்டையோ ஆப்பில் உள்ள பதிவையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நான்கு எண்ணைக் கேளுங்கள்: ராத்திரிக்கு எத்தனை மணி நேரம், மெஷின் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் ஏ.எச்.ஐ. 5-க்குள் இருக்கிறதா, காற்றுக் கசிவு எவ்வளவு, அழுத்தம் எங்கே நிற்கிறது. சோதனை நடந்தது சுமார் 400 மீட்டர் உயரத்துக் கோவையில். அவர் தூங்குவதோ 1,800 மீட்டரில். உயரத்தில் சிலருக்குத் தொண்டை திறந்திருந்தும் மூச்சிழுக்கும் கட்டளையை மூளையே விட்டுவிட்டு அனுப்பும் வகைத் தடை சேர்ந்துகொள்ளும். பதிவில் அது தனியாகத் தெரியும். அந்த எண் கூடுதலாக இருந்தால் அழுத்தத்தை ஏற்றுவது உதவாது, மோசமாகவும் ஆகலாம். அதனால், "நாங்கள் இருப்பது மலையில்" என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மெஷின் உயரத்துக்குத் தானே சரிசெய்துகொள்ளும் வகையா என்பதையும் விற்றவரிடம் உறுதிசெய்யுங்கள், இப்போது வருபவை பெரும்பாலும் அப்படித்தான். அந்தப் பதிவில் பெரும்பாலான ராத்திரிகள் குறைந்தது நான்கு மணி நேரமாவது ஓடியிருந்து, மிச்ச எண்ணும் அடங்கி, பகலில் கண் சொக்குவதும் நின்றிருந்தால், வண்டியை மறுபடி எடுப்பது பற்றி அன்றைக்கே கேட்கலாம்.